டீசலும் உப்புத் தண்ணீரும்

எலந்தமேட்டில் தாட்சாயணிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. குழாய்க்காரி. தெருக்குழாய்ச் சண்டையில் வந்த பெயர் அல்ல அது. டீசல் டிரம்முக்கு ஒரு திருகு குழாய் வைக்கச் சொல்லி அவள் தன் புருஷன் புருஷோத்தமனிடம் ஆறு வருஷமாக மன்றாடிக்கொண்டிருந்தாள். அவனும் ஆறு வருஷமாக அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஓஸை வாயில் வைத்து உறிஞ்சியே டிராக்டருக்கு டீசல் நிரப்பிக்கொண்டிருந்தான். நியாயம் அவள் பக்கம் இருப்பதாக ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஒரு பொம்பளைக்கு நகை கேட்கத் தோன்றும், புடவை கேட்கத் தோன்றும், இவளுக்குக் குழாய் கேட்கத் தோன்றுகிறதே என்று சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவாள். மறுநாள் காலையில் மறுபடியும் கேட்பாள்.

ஊர் ஆந்திராவின் நகரி மண்டலத்தில் இருக்கிறது. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் போனால் தமிழ்நாடு. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பங்க்கில் டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைச்சல். அதனால் எலந்தமேட்டில் டிராக்டர் வைத்திருக்கிற யாரும் ஆந்திரா பங்க்கை எட்டிப் பார்ப்பதில்லை. டிரெய்லரில் கேன்களை அடுக்கிக்கொண்டு போய் வாங்கி வந்து, வீட்டில் வைத்துக்கொண்டு தினமும் ஊற்றிக்கொள்வார்கள். வாங்குவது சுலபம். ஊற்றுவதில்தான் இருக்கிறது வேலை. டிராக்டரின் டேங்க் மூடி ஸ்டியரிங்குக்கு முன்னால், ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. முப்பத்தைந்து லிட்டர் கேனை அந்த உயரத்துக்குத் தூக்கி, புனலுக்குள் சிந்தாமல் சாய்த்து, கடைசிச் சொட்டு இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இடுப்பைப் பற்றிக் கவலைப்படாதவன் செய்கிற வேலை அது.

புருஷோத்தமனுக்கு நாற்பத்து நாலு வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவன் யோசித்து ஒரு காரியம் செய்தான். கொட்டகையை ஒட்டி ஐந்தடி உயரத்துக்கு சிமெண்டில் ஒரு மேடை கட்டி, அதன் மேல் இருநூறு லிட்டர் டிரம்மை நிறுத்தினான். டிரெய்லரை மேடையோடு ஒட்டி நிறுத்தினால் கேன்களைப் பெரிதாகத் தூக்காமலே டிரம்மில் கவிழ்த்துவிடலாம். பிறகு டிராக்டரைப் பக்கத்தில் கொண்டுவந்து, ஓஸின் ஒரு முனையை டிரம்முக்குள் விட்டு, மறு முனையை வாயில் வைத்து இழுத்தால் டீசல் தானாக இறங்கி வரும். டேங்கில் ஓஸைச் சொருகிவிட்டு அவன் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பான்.

நல்ல யோசனைதான், அந்த வாயைத் தவிர. அவன் ஓஸ் உறிஞ்சுவதில் பேர் வாங்கியவன். இழுத்து இழுத்து, டீசல் உதட்டுக்கு நாலு விரல் தூரத்தில் வரும்போது கட்டை விரலால் சட்டென்று அடைத்துவிடுவான். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்துகூடக் கூப்பிடுவார்கள். 'புருசு வாய் வெச்சா ஒரு சொட்டு உள்ள போவாது' என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் அவனுக்கு உடம்பு ஒரு சுற்று பெருத்துவிடும்.

தாட்சாயணி முதலில் புத்தூரிலிருந்து கையால் சுற்றுகிற பம்பு ஒன்று வாங்கி வந்தாள். ஒரு வாரம் சுற்றினான். பம்பின் கழுத்தில் ஒழுகுகிறது, தோள் வலிக்கிறது என்று ஆணியில் மாட்டிவிட்டான். பிறகு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை செய்கிற மகள் ஹரிப்ரியா போனில் எதையோ பார்த்து, முனையில் பித்தளைக் குண்டு வைத்த ஓஸ் ஒன்றை வரவழைத்தாள். டிரம்முக்குள் விட்டு மேலும் கீழும் நாலு ஆட்டு ஆட்டினால் டீசல் ஏறிவிடும், வாய் வைக்கவே வேண்டாம். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் புருஷோத்தமன் இரண்டே நாளில் அதையும் மூலையில் போட்டான்.

"இத்த ஆட்டிக்கினு நின்னா பாக்கறவன் இன்னா நெனப்பான்? புருசுக்குப் பல்லு போச்சின்னு நெனப்பான்" என்றான்.

மிச்சம் இருந்தது திருகு குழாய்தான். டிரம்மைப் படுக்கப் போட்டு, வாயில் ஒரு குழாயை முறுக்கி ஓஸ் மாட்டிவிட்டால் திருகினால் வரும், மூடினால் நிற்கும். குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகும் என்றான் அவன். போகிறவன் வருகிறவன் எல்லாம் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவான் என்றான். அவனுக்குச் சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. அவளுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதை அவளால் வெளியே சொல்ல முடியாது.

அந்த ஐப்பசியில் இரண்டு நாள் மழை விட்டிருந்தது. மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று போனில் செய்தி வந்துகொண்டே இருந்தது. பக்கத்து ஊர் சிரஞ்சீவியின் கழனியை அன்றைக்குள் சேறு அடித்துக் கொடுக்க வேண்டும். நாற்று முற்றிப்போய்க் காத்திருந்தது. காலை ஒன்பது மணிக்குள் சிரஞ்சீவி நாலு தடவை போன் செய்துவிட்டான். புருஷோத்தமன் அவசர அவசரமாக டிராக்டரை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஓஸை எடுத்தால், வழக்கமான, உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடி ஓஸ் வெயிலில் காய்ந்து நடுவில் வெடித்திருந்தது. போர் மோட்டாருக்குப் பக்கத்தில் கிடந்த பச்சை ஓஸில் ஆறடி வெட்டிக்கொண்டு வந்தான்.

பச்சை ஓஸில் உள்ளே எது வருகிறது, எங்கே வருகிறது என்று தெரியாது. இத்தனை வருஷமும் அவனைக் காப்பாற்றி வந்தது அவன் சாமர்த்தியம் இல்லை, அந்தக் கண்ணாடி ஓஸ்தான் என்பது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை. இரண்டு இழுப்பு இழுத்தான். ஒன்றும் வரவில்லை. மூன்றாவது இழுப்பை நன்றாக அடிவயிற்றிலிருந்து இழுத்தான். அந்த நேரம் பார்த்து மறுபடி போன் அடித்தது. ஓஸ் வாயில் இருக்கும்போதே எடுத்து, "ஒஸ்தானண்ணா, ஒஸ்துன்னானு" என்று, இதோ வருவதாகத் தெலுங்கில் பதில் சொல்ல மூச்சை இழுத்தான்.

கொட்டகைக்குப் பின்னால் மாட்டுக்குப் புல் நறுக்கிக்கொண்டிருந்த தாட்சாயணிக்கு அந்த இருமல் கேட்டது. வெறும் இருமல் என்றால் அவள் தலை நிமிர்ந்திருக்க மாட்டாள். அந்த இருமலை அவள் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தாள், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். அரிவாளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

புருஷோத்தமன் டிராக்டரின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். கண் இரண்டும் சிவந்து, மூக்காலும் வாயாலும் ஒழுகியது. சட்டை முன்பக்கம் முழுக்க டீசல். பச்சை ஓஸ் தரையில் தன் பாட்டுக்கு டீசலைக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஓஸை டிரம்மிலிருந்து உருவி எறிந்துவிட்டு, அவன் சட்டையைக் கிழித்துக் கழற்றினாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"எவ்ளோ உள்ள போச்சி மாமா?"

"ஒரு... ஒரு வாய்... முழுங்கிட்டேன்" என்றான். மேலே பேச முடியவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது.

"உக்காரு. நிமிந்து உக்காரு. ஒண்ணும் பண்ணாத."

இதற்குள் சத்தம் கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்தவள் காஞ்சனா, புருஷோத்தமனின் அக்கா. அடுத்த வீடுதான், இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளை குட்டி இல்லாமல் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவள். தம்பி குடும்பம்தான் அவளுக்கு எல்லாம். மாட்டுக்குக் கன்று இறக்குவதிலிருந்து தேள் கடிக்கு மருந்து அரைப்பதுவரை ஊரில் அவள் கை வைக்காத காரியம் கிடையாது. அவள் சொன்னால் பெரிய ஆம்பளைகளும் கேட்பார்கள்.

அவள் வரும்போதே கையில் ஒரு செம்பு இருந்தது. மறு கையில் இருந்த உப்பை நடந்துகொண்டே அதில் போட்டுக் கலக்கினாள்.

"தலையப் புடிங்கடா" என்று கூட்டத்தைப் பார்த்து அதட்டினாள். "டேய் புருசு, வாயத் தொற. இத்தக் குடிச்சிட்டு வாந்தி எட்த்தினா எல்லாம் வெளிய வந்துரும்."

தாட்சாயணி அந்தச் செம்பையே பார்த்தாள். அதே கை, அதே வார்த்தை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய முதல் பிள்ளை கிஷோருக்கு ஒன்றே முக்கால் வயது. ஸ்டவ்வுக்கு ஊற்ற மண்ணெண்ணெயைக் கலர் சோடா பாட்டிலில் வைத்திருந்தார்கள். ஊரே அப்படித்தான் வைத்திருந்தது. குழந்தை அதை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டது. கொஞ்சம் இருமியது, அழுதது, அம்மாவின் தோளில் ஏறிக்கொண்டு மாட்டைக்கூடக் கை காட்டியது. அப்போது காஞ்சனாதான் உப்புத் தண்ணீர் கலந்துகொண்டு ஓடி வந்து ஊற்றினாள். குழந்தை குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தது. எல்லாம் வந்துவிட்டது, இனிமேல் பயமில்லை என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். அரை மணி நேரத்தில் குழந்தையின் நெஞ்சுக் குழி உள்ளே இழுக்க ஆரம்பித்தது. பஸ் பிடித்துத் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மத்தியானம் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

திரும்புவதற்கு முன், புருஷோத்தமன் கையெழுத்துப் போடப் போயிருந்த நேரத்தில், வயதான டாக்டர் ஒருத்தர் அவளிடம் தமிழில் சொன்னார். 'குழந்தை குடிச்சது கொஞ்சம்தாம்மா. வயித்துல இருந்திருந்தா பொழச்சிருப்பான். வாந்தி எடுக்க வெச்சீங்களே, அப்பதான் நுரையீரலுக்குள்ள போயிருக்கு. இனிமே யாருக்கும் இப்படிச் செய்யாதீங்க.' அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தையை இழந்த துக்கத்தில் ஆறு மாதம் சோறு இறங்காமல் கிடந்த காஞ்சனாவிடம் போய், நீதான் கொன்றாய் என்று எப்படிச் சொல்வது? அந்த வருஷத்திலிருந்து தாட்சாயணி வீட்டில் எண்ணெய் எதுவும் பாட்டிலில் இருந்ததில்லை. காலி பாட்டில் கண்ணில் பட்டாலே உடைத்துவிடுவாள். குழாய்க்காரி ஆன கதையும் அதுதான்.

இப்போது காஞ்சனா தம்பியின் தாடையைப் பிடித்தாள். இரண்டு பேர் அவன் தலையை அண்ணாந்து பிடித்தார்கள்.

"வேணாங்க்கா" என்று தாட்சாயணி குறுக்கே வந்தாள். "வாந்தி எடுக்க வைக்காத. அப்பிடியே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்."

"ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் டீசல் வயித்துல இருந்தா குடலு வெந்துரும். தள்ளு."

"வேணான்னு சொல்றேன்ல."

"ஏன் வேணாம்? சொல்லு, ஏன் வேணாம்?"

கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. சொல்ல ஒரு வரிதான் இருந்தது, நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. காஞ்சனாவின் முகத்தைப் பார்த்தாள். தம்பியைக் காப்பாற்றுகிற ஒரே ஆவேசத்தில் அந்த முகம் வியர்த்துக் கிடந்தது. தாட்சாயணியால் சொல்ல முடியவில்லை.

"எனக்குப் பயமாக் கீது" என்று மட்டும் சொன்னாள்.

"பயந்தவ தூரப் போ" என்று காஞ்சனா அவளைத் தோளால் இடித்துவிட்டுச் செம்பை அவன் வாயில் வைத்தாள். புருஷோத்தமனும் அக்கா சொல்லுக்கு வாயைத் திறந்தான்.

தாட்சாயணி செம்பை ஓங்கித் தட்டினாள். அது டிராக்டர் சக்கரத்தில் பட்டு உருண்டது. உப்புத் தண்ணீர் காஞ்சனாவின் முகமெல்லாம் தெறித்தது. காஞ்சனா ஒரு நிமிஷம் விழித்துப் பார்த்துவிட்டு, தாட்சாயணியின் கன்னத்தில் பளார் என்று ஒரு அறை விட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் தாட்சாயணி மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

"புருஷன் சாவட்டும்னு நிக்கிறா பாரு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னது கேட்டது.

கன்னம் எரிந்தது. அதைத் தடவிக்கொண்டிருக்க நேரம் இல்லை. திருப்பதிக்கு சவாரி ஓட்டுகிற ரமணாவின் கார் தெருமுனையில் கழுவின ஈரத்தோடு நின்றது. தாட்சாயணி அவன் பெயரைச் சொல்லிப் போட்ட கூச்சலில் அவன் துடைக்கிற துணியோடு ஓடி வந்து காரை எடுத்தான். புருஷனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, ஜன்னல் பக்கம் நிமிர்த்தி உட்கார வைத்து, தானும் ஒட்டி உட்கார்ந்தாள். மறு பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு காஞ்சனா ஏறினாள். அவள் கையில் இப்போது ஒரு தண்ணீர் பாட்டில். உள்ளே கலங்கலாக உப்பு சுற்றிக்கொண்டிருந்தது.

ரமணா நகரி ரோட்டில் ஏறி ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினான். புருஷோத்தமனின் இருமல் குறைந்து, மூச்சு ஓசையோடு வர ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சையும் தாட்சாயணி எண்ணினாள். எண்ணிக்கை விட்டுப்போனால் பயந்துபோய் அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் காஞ்சனா ஓயவில்லை.

"பாருமே, மூச்சு இழுக்குது அவனுக்கு. ஒரு வாய் குடுக்க உடு. உங் கால்ல உழறேன்."

"வேணாங்க்கா."

"நான் அவன இடுப்புல தூக்கி வளத்தவ. நீ நேத்து வந்தவ."

"சரிக்கா. வேணாம்."

பேச முடியாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்த புருஷோத்தமன் அப்போது கண்ணைத் திறந்தான். தாட்சாயணியைத் தாண்டி அக்காவின் பக்கம் கையை நீட்டினான்.

"எரியுது" என்றான். "அக்கா... குடு."

தாட்சாயணிக்கு அந்த ஒரு நிமிஷம் போல் கஷ்டமான நிமிஷம் வாழ்க்கையில் இரண்டே இரண்டுதான். கேட்கிறவன் புருஷன், கொடுக்கிறவள் அவனை வளர்த்தவள், நடுவில் உட்கார்ந்துகொண்டு தடுக்கிறவள் அவள். ஒருவேளை அந்த டாக்டர் சொன்னது குழந்தைகளுக்கு மட்டும்தானோ? டீசல் வேறு, மண்ணெண்ணெய் வேறோ? தான் தடுத்ததாலேயே இவன் செத்துப்போனால்? காஞ்சனா மூடியைத் திருகினாள்.

தாட்சாயணி பாட்டிலைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள்.

அதற்கப்புறம் புத்தூர் வரும்வரை காஞ்சனா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். தாட்சாயணி எண்ணிக்கொண்டே வந்தாள்.

புத்தூரில் ஆக்சிஜன் வைத்து ஆம்புலன்ஸில் திருப்பதிக்கு அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும்போதே ஒரு பெண் டாக்டர் கூட நடந்துகொண்டு தெலுங்கில் கேட்டுக்கொண்டே வந்தாள். எத்தனை மணிக்கு, எவ்வளவு, எப்படி என்று கேட்டுவிட்டுக் கடைசியாக, வாந்தி எடுக்க வைத்தார்களா என்று கேட்டாள்.

"வாந்தி சேயிஞ்சாரா?"

"லேது மேடம்" என்று தாட்சாயணி மறுத்தாள்.

டாக்டர் அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. காஞ்சனா நாலடி பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு அது கேட்டதா என்று தாட்சாயணிக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

இருபத்து நாலு மணி நேரம் போகட்டும் என்றார்கள். இருமும்போது கொஞ்சம் நுரையீரலுக்குள்ளும் போயிருக்கிறது, அது எந்த அளவுக்குப் பாதிக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். ஹரிப்ரியா ஸ்ரீசிட்டியிலிருந்து ஓடி வந்து மருந்துச் சீட்டுக்கும் எக்ஸ்ரேவுக்கும் அலைந்தாள். முதல் நாள் சாயங்காலம் அவனுக்குக் காய்ச்சல் ஏறியது. தாட்சாயணி நாற்காலியை விட்டு எழவில்லை. காஞ்சனா வராந்தாவின் மறு கோடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே பையிலிருந்து எடுத்த இட்லியைத் தனித்தனியாகத் தின்றார்கள்.

இரண்டாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. தாட்சாயணியை உள்ளே விட்டார்கள். புருஷோத்தமன் மாஸ்கை விலக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். என்ன சொல்லப்போகிறானோ என்று குனிந்தாள்.

"குழாயே வெச்சிரலாம்" என்றான்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆறு வருஷமாகக் கேட்ட குழாய் இப்படியா கிடைக்க வேண்டும்? "மூடிக்கினு படு" என்று மாஸ்கை இழுத்து அவன் மூக்கில் வைத்துவிட்டு வெளியே வந்து சுவரோரம் நின்று அழுதாள்.

பதினோரு மணிக்கு அந்த டாக்டரம்மா புது எக்ஸ்ரேவோடு வெளியே வந்தாள். காஞ்சனாவும் எழுந்து பக்கத்தில் வந்தாள். டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியும்போலிருக்கிறது, இவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு இந்த முறை தமிழிலேயே சொன்னாள்.

"பயம் இல்லம்மா. மூணு நாள்ல வீட்டுக்குப் போலாம். நீங்க வாந்தி எடுக்க வைக்காம கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, அதுதான் காப்பாத்துச்சு. வாந்தி எடுக்கும்போதுதான் இந்த எண்ணெய் லங்ஸுக்குள்ள போகும். எங்ககிட்ட வர்றவங்க பாதிப் பேர் உப்புத் தண்ணி குடுத்துட்டுதான் கொண்டு வர்றாங்க. பெரியவங்கன்னா எப்படியோ தாங்கிக்கறாங்க. சின்னக் கொழந்தைங்கதான் தாங்காது."

அவள் போய்விட்டாள். வராந்தாவில் யாரோ தண்ணீர் வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். காஞ்சனா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"கொழந்தைங்க தாங்காதாமே" என்றாள்.

தாட்சாயணியிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. என்றைக்காவது இந்தக் கேள்வி வரும் என்று பத்தொன்பது வருஷமாக அதை வைத்திருந்தாள். அது வேற எண்ணெய்க்கா, அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல என்று சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தாள்.

"பொய் சொல்லாத" என்றாள் காஞ்சனா. "செம்பத் தட்டி உட்டியே, அப்பவே உங் கண்ணப் பாத்தேன். இது புருசுக்காகப் பயந்த கண்ணு மட்டும் இல்லன்னு பட்டுச்சி. எப்பலேந்து தெரியும் உனுக்கு?"

தாட்சாயணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிலேந்து. அந்த டாக்டர் சொல்லிட்டாரு."

காஞ்சனா தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"தெரிஞ்சிக்கினே எங் கையால சோறு துன்னியா? பத்தொம்போது வருசம். அரிப்ரியாவப் பெத்துட்டு எங் கைல குடுத்தியேமே, குளிப்பாட்டச் சொல்லி. என்னப் பாக்கறப்பல்லாம் அதானே தெரிஞ்சிருக்கும் உனுக்கு? ஏன்மே சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நேத்து நான் மறுபடியும் அந்தச் செம்ப எடுத்திருப்பனா?"

"நேத்து சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சி. எனக்குத் தைரியம் இல்ல."

"நான் செத்துடுவன்னு பாத்தியா?"

"உனுக்காவ மட்டும் இல்லக்கா." அந்த நாளின் மிச்சத்தைத் தாட்சாயணி தனக்குள்கூட முழுசாக நினைத்தது கிடையாது. "நீ தண்ணி ஊத்தன. அவன் குடிக்க மாட்டன்னு பல்லக் கடிச்சிக்கினு கத்தினான், ஞாபகம் கீதா? மடில போட்டு, மூக்கப் புடிச்சி, வாயத் தொறந்தது யாரு? நான்தான. எங் கொழந்த வாய நான்தானக்கா தொறந்தேன். உன்னச் சொல்லணும்னா என்னயும் சேத்துதான் சொல்லணும். என்னால முடியல."

காஞ்சனா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அறை விழுந்த கன்னம் இன்னும் கன்றிப்போய்த்தான் இருந்தது. காஞ்சனா கையைத் தூக்கினாள், அந்தக் கன்னத்தைத் தொடப் போனாள், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, புருஷோத்தமன் ஆள் யார், கஞ்சி கொடுக்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டாள்.

"நீ போ" என்றாள் காஞ்சனா. "இனிமே நான் யார் வாயிலயும் எதும் ஊத்த மாட்டேன்."

தாட்சாயணி எழுந்தாள். போகவில்லை. ஹரிப்ரியா வாங்கி வைத்திருந்த கஞ்சியைப் பையிலிருந்து எடுத்து டம்ளரில் ஊற்றி, சூடு பார்த்தாள். பிறகு குனிந்து காஞ்சனாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, டம்ளரை அவள் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நீ ஊத்துக்கா" என்றாள். "நான் தலையத் தூக்கிப் புடிச்சிக்கறேன்."